பட்டாளத்தான் படிக்கட்டும்!

1969-ஆம் ஆண்டு, செப்டம்பர் திங்கள். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்திலே, போர்முனை சென்று திரும்பியவர்களுக்கென்று சர்க்கார் நடத்தும் மருத்துவமனை. சாரா ஹேலி என்ற அம்மையாருக்கு அங்கே அன்றுதான் வேலையில் முதல் நாள். சமூக நலப் பணியாளர் உத்யோகம். அவரெதிரே கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்டான் ஒரு வாலிபன். வியட்நாமிலிருந்து திரும்பியவன். நிலைகொள்ளாத மனம், நெஞ்சை அடைக்கும் அச்சம்.

சொன்னான். மைலாய் என்றொரு சிற்றூராம். அங்கே தன் படைப்பிரிவு புகுந்து, பெண்டு பிள்ளைகள் என்றும் பாராமல் சுட்டுத் தள்ளியதாம். தான் சுடவில்லையாம். அதனாலேயே உடனிருந்தவர்கள் தன்னைத் தீர்த்துவிடுவதாக மிரட்டினார்களாம். அந்த அச்சம் கடல் கடந்து வந்த பிறகும் அவனை விட்டபாடில்லை.

கேட்டதை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவர்கள் கூட்டத்துக்குப் போனார் அம்மையார். அங்கே முடிவு முன்கூட்டியே தயார்! இவன் புத்தி பேதலித்தவன், நடக்காததை நடந்ததாகக் காண்கிறவன், மருந்து கொடுத்து வையுங்கள் என்பது தீர்ப்பு. அவன் சொல்வது உண்மையாக இருந்தால்? என்று கேட்டார் அம்மையார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய தகப்பனாரின் மகள் அவர். போர் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர். ஆனால் முதல் நாள் உத்யோகஸ்தர் பேச்சு எங்கே எடுபடும்? புதியவர், போகப் போகப் புரிந்துகொள்வார் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நவம்பரில் வெடித்தது செய்தி! சீமோர் ஹெர்ஷ் என்ற பத்திரிகையாளர் துருவித் துருவி எழுதினார். 1968 மார்ச் 16-ஆம் நாள் மைலாய் மண்ணில் மடிந்தவர்கள், வியட்நாம் நாட்டுக் கணக்குப்படி 504 பேர். கிழவர்கள், தாய்மார்கள், கைக்குழந்தைகள்.

பைத்தியம் யாருக்கு, தோழர்களே? கண்டதைச் சொன்னவனுக்கா? கேட்ட காதை மூடிக்கொண்டவர்களுக்கா?

சாரா ஹேலி அந்த அனுபவத்தை மறக்கவில்லை. படுகொலையைப் பற்றிப் பேசும் நோயாளியை எப்படிக் கேட்க வேண்டும் என்று 1974-இல் கட்டுரை தீட்டினார். மனநல மருத்துவத் துறையையே உலுக்கிய கட்டுரை அது. ஆனால் நாம் இன்று இதை எடுத்துச் சொல்வது அம்மையாரின் பெருமை பேச மட்டும் அல்ல. அந்த மருத்துவர் கூட்டத்திலே, மேசையின் மறுபக்கத்திலே, அதே சேற்றில் நடந்து, அதே வெடியோசை கேட்டுத் திரும்பிய ஒரே ஒரு சிப்பாய் உட்கார்ந்திருந்தால் அந்த வாலிபனுக்கு அந்தப் பட்டம் சூட்டப்பட்டிருக்குமா என்று கேட்கத்தான்.

அதே கேள்வியைத்தான் அந்நாட்டுப் பட்டாளத்தார் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. 1970-இன் இறுதியில் நியூயார்க் நகரத்தில், போரை எதிர்த்துக் கிளம்பிய முன்னாள் வீரர்கள் வாரந்தோறும் கூடினார்கள். பேசினார்கள். இரவில் தூக்கம் கெட்டவன் பேசினான். கார் டயர் வெடித்தால் தரையில் விழுந்து படுத்துக்கொள்கிறவன் பேசினான். மனைவி தோளைத் தொட்டால் கையோங்குகிறவன், ஓங்கிய கையைப் பார்த்துத் தானே அழுகிறவன் பேசினான். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷட்டன் என்ற இரு மருத்துவ மேதைகளை அவர்களே அழைத்துக்கொண்டார்கள். அழைத்தார்கள், ஆனால் தலைமை நாற்காலி தரவில்லை! எங்களோடு சமமாக உட்காருங்கள், எங்கள் வாயால் கேளுங்கள் என்றார்கள். அந்தப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். அதுதான் அவர்களின் பெருமை. லிஃப்டன் 2025 செப்டம்பரில் தமது 99-ஆம் வயதில் மறைந்தார்.

இப்படி வாய்விட்டுப் பேசிப் பேசித்தான் ஒரு நோய்க்குப் பெயரே கிடைத்தது. முதல் உலகப் போரில் அதற்கு ‘குண்டு அதிர்ச்சி’ என்று பெயர். பலருக்கு அந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. களத்தை விட்டு ஓடினாய், கோழை நீ, என்று சொல்லி விடியற்காலையில் கம்பத்தில் கட்டிச் சுட்டது பிரிட்டிஷ் ராணுவம். அப்படிச் சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006-இல், அதாவது அந்தப் போர் மூண்டு தொண்ணூற்றிரண்டு ஆண்டு கழித்து மன்னிப்பு வழங்கினார்கள். எலும்பும் மக்கிய பிறகு வந்தது மன்னிப்பு! அவர்களிலே எத்தனை பேர் கோழைகள், எத்தனை பேர் மனம் நொறுங்கிய நோயாளிகள் என்று அன்று பிரித்துப் பார்த்தவர் யார்? வியட்நாம் வீரர்களும் அவர்கள் பக்கம் நின்ற மருத்துவர்களும் வாதாடிய பிறகுதான், 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்’ இடம் பெற்றது.

செனட் சபையில் ஆலன் கிரான்ஸ்டன் என்பவர், திரும்பி வந்த வீரர்களுக்கு ஆலோசனை நிலையங்கள் வேண்டும் என்று 1971 முதல் போராடினார். சட்டம் கையெழுத்தானது 1979 ஜூன் மாதத்தில். எட்டு ஆண்டு! துப்பாக்கி வாங்க ஒரே இரவில் பணம் கிடைக்கிறது. தூக்கம் போனவனுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்க எட்டு ஆண்டு தேவைப்பட்டிருக்கிறது. அதற்கும் ஒரு பட்டாளத்தான் பதவிக்கு வர வேண்டியிருந்தது. மாக்ஸ் கிளிலண்ட், 1968-இல் வியட்நாமில் வெடித்த கையெறி குண்டிலே இரு கால்களையும் ஒரு கையையும் பறிகொடுத்தவர், 1977-இல் முன்னாள் வீரர் துறைக்கே தலைவரானார். அவர் காலத்தில் திறக்கப்பட்டவைதான் வீரர் நிலையங்கள். மருத்துவமனை வளாகத்திலே அல்ல, கடைத்தெருவிலே, வாடகைக் கட்டடத்திலே! வெள்ளைச் சட்டை கிடையாது. அங்கே சொன்னது ராணுவத்தின் காதுக்குப் போகாது, சொன்னவன் சம்மதம் இல்லாமல் மருத்துவமனைக்கும் போகாது. எதிரே உட்கார்ந்து கேட்பவனும் பெரும்பாலும் பழைய பட்டாளத்தான். இன்று அந்நாட்டில் இத்தகைய நிலையங்கள் 300 உண்டு.

தம்பி, இதற்குத் தமிழிலே என்ன பெயர் தெரியுமா? மனம் உடைந்தவனுக்கு ஆலோசனை சொல்பவரை இன்று ‘ஆற்றுப்படுத்துநர்’ என்கிறோம். பழந்தமிழிலே ‘ஆற்றுப்படை’ என்றால் என்ன? ஆறு என்றால் வழி. பசித்துக் கிடந்து, காடு மேடெல்லாம் நடந்து, வள்ளலைக் கண்டு, வாழ்வு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வாடிய முகத்தோடு வரும் இன்னொரு பாணனைப் பார்க்கிறான். நில் என்கிறான். நானும் உன்னைப்போல் இருந்தவன்தான், இன்ன வழி போ, இன்ன இடத்தில் இளைப்பாறு என்று சொல்லி அனுப்புகிறான். பாணனுக்குப் பாணன், கூத்தனுக்குக் கூத்தன், பொருநனுக்குப் பொருநன். பத்துப்பாட்டிலே சரி பாதி, ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. பொருநரில் ஒரு சாரார் போர்க்களம் பாடியவர்கள் என்பதையும் நினைவில் வை. வழியைச் சொல்லும் தகுதி அந்த வழியில் நடந்தவனுக்கு உண்டு என்று வகுத்து, அதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கியவர்கள் தமிழர்கள். பாஸ்டன் மருத்துவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை!

சரி, பட்டாளத்தான் என்பதாலேயே ஒருவன் ஆலோசகனாகிவிட முடியுமா? முடியாது. இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். தழும்பு இருப்பதாலேயே ஒருவன் வைத்தியனாகிவிட மாட்டான். சொல்லப்போனால் பட்டாளம் கற்றுத் தந்த பழக்கம் பலவும் இந்த வேலைக்கு நேர் எதிர். அங்கே உத்தரவு போடக் கற்றான். இங்கே உத்தரவு போடவே கூடாது. அங்கே நொடியில் முடிவெடுக்கப் பழகினான். இங்கே எதிரில் இருப்பவன் அரை மணி நேரம் மௌனமாக இருந்தால் தானும் மௌனமாக இருக்கப் பழகவேண்டும். அங்கே அழுகை அவமானம். இங்கே அழுகிறவனைத் தடுக்காமல் இருப்பதே பாதி வித்தை. கேட்ட இரகசியத்தைக் காப்பது, தன் கதையை எவ்வளவு சொல்லலாம் எங்கே நிறுத்தலாம் என்று அறிவது, இன்னொருவன் புண்ணைக் கேட்கையில் தன் பழைய புண் திறந்துகொண்டால் யாரிடம் போவது என்று தெரிந்து வைத்துக்கொள்வது, இவ்வளவும் பாடம். எல்லாவற்றிலும் கடினமான பாடம் ஒன்றுண்டு. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேருக்கு நேர் கேட்பது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று ஊரார் அஞ்சுவார்கள். அது தவறு. நேராகக் கேட்பதுதான் அவனைப் பேச வைக்கும் என்பது ஆராய்ந்து கண்ட முடிவு.

2022-ஆம் ஆண்டிலே மட்டும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட அமெரிக்க முன்னாள் வீரர்கள் 6,407 பேர். அவர்கள் சர்க்காரின் கணக்கு இது. நாளொன்றுக்குச் சராசரி பதினேழுக்கும் மேல். எந்தப் பகைவனும் இல்லாத சொந்த வீட்டிலே, எந்தப் போரும் இல்லாத அமைதியான தெருவிலே! ஆகவே கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பது உயிர்ப் பிரச்சினை.

அங்கே இப்போது இரண்டு வாசல் உண்டு. ஒன்று, தோழமை உதவியாளர் வேலை. முன்னாள் வீரராக இருக்கவேண்டும், மனநோயோ போதைப் பழக்கமோ தன்னை வாட்டி, அதிலிருந்து மீண்டவராக இருக்கவேண்டும், பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கவேண்டும். கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. எங்கே பார்த்திருக்கிறீர்கள், நோயுற்று மீண்டதே தகுதி என்று விளம்பரம் போடும் வேலையை! 2012 ஆகஸ்டில் ஒபாமா ஆணை பிறப்பித்தார், அடுத்த ஆண்டு முடிவதற்குள் இப்படி 800 பேரைச் சேர்க்கவேண்டும் என்று. சேர்த்தார்கள். இவர்கள் நோய் இன்னதென்று தீர்ப்புச் சொல்லக்கூடாது, மருந்து எழுதக்கூடாது. உடன் நடப்பது, உடன் உட்காருவது, மருத்துவர் வாசல் வரை கைபிடித்து அழைத்துப் போவது இவர்கள் வேலை.

இன்னொரு வாசல், உரிமம் பெற்ற ஆலோசகர். அந்த வாசலின் படிகள் உயரம். பட்டம் வாங்கவேண்டும், அதன்மேல் முதுகலை வாங்கவேண்டும், அதன்மேல் மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பிலே மாநிலத்துக்கு மாநிலம் இரண்டாயிரம், மூவாயிரம் மணி நேரம் உழைக்கவேண்டும், பிறகு தேர்வு, பிறகுதான் உரிமம். படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உடைந்த மனத்தைக் கையில் எடுப்பவனுக்குப் படிப்பு வேண்டும், நன்றாகவே வேண்டும். யாருக்கு அந்தப் படி எட்டுகிறது என்பதுதான் நம் கேள்வி.

வியட்நாம் போருக்குப் போனவன் யார்? கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவனுக்குப் பட்டாளத்து அழைப்பு ஒத்திவைக்கப்பட்டது. அது அன்றைய சட்டம். படிக்க வசதியுள்ளவன் வகுப்பறைக்குப் போனான். ஆலைத் தொழிலாளி மகன், பண்ணையாள் மகன், கறுப்பர் சேரியின் மகன் களத்துக்குப் போனான். போர் முடிந்தது. வகுப்பறைக்குப் போனவன் மருத்துவனாகி, மேசைக்குப் பின்னே உட்கார்ந்தான். களத்துக்குப் போனவன் நோயாளியாகி, மேசைக்கு முன்னே உட்கார்ந்தான். மேசையைச் சுற்றி வந்து பின்பக்கம் உட்காரலாமா என்று கேட்டால், பட்டம் எங்கே என்கிறது உலகம்! பட்டம் பெறவேண்டிய வயதிலேதானே ஐயா அவனைப் பட்டாளத்துக்கு அனுப்பினீர்கள்?

கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் நின்றது. இன்று விரும்பிச் சேர்பவர்தான். படிப்புச் செலவைச் சர்க்கார் ஏற்கும் சட்டமும் உண்டு. 1944-இலேயே வந்தது, 2008-இல் புதிய சட்டமாகப் புதுக்கினார்கள். அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். நம் நாட்டில் அதில் பாதி இருந்தாலும் கும்பிடலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். புதிய சட்டம் தரும் படிப்புக் காலம் 36 மாதம். ஆண்டுக்கு ஒன்பது மாதப் படிப்பென்றால் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தோடு சரி, தீர்ந்தது! ஆலோசகராக முதுகலை வேண்டுமே, அதற்கு? கடன் வாங்கு!

இந்த மாதக் கணக்குக்காக ஒருவர் உச்சநீதிமன்றம் வரை போனார். ஜேம்ஸ் ரூடிசில் என்பவர். மூன்று முறை பட்டாளத்தில் சேர்ந்து எட்டு ஆண்டு பணியாற்றியவர். படைவீரர்களுக்கே ஆறுதல் சொல்லும் போதகராகத் திரும்பிப் போகவேண்டும் என்று விரும்பி, யேல் பல்கலைக்கழகத்தின் சமயக் கல்லூரியில் இடமும் பெற்றார். பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலுமாகத் தனக்கு 48 மாதம் உரிமை உண்டு என்றார். இல்லை, 36-தான் என்றது முன்னாள் வீரர் துறை. வீரருக்கென்று ஏற்பட்ட துறை வீரரோடு வழக்காடியது! 2024 ஏப்ரலில் ஏழு நீதிபதிகள் அவர் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். வென்றார். ஆனால் யேல் இடம் அதற்கு வெகு முன்பே கைநழுவிப் போயிருந்தது.

இங்கே உழைப்பாளித் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோழமை உதவியாளர் என்ற முதல் வாசல் நல்ல வாசல்தான். ஆனால் எந்த நல்ல வாசலையும் மலிவுக் கூலி வாசலாக மாற்றுவது ஆள்வோருக்குக் கைவந்த கலை. மருத்துவருக்குத் தரும் சம்பளத்தில் ஒரு சிறு பகுதிக்கு இவன் வருவான், இவனை வைத்தே ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால், ஆற்றுப்படை அடிமாட்டு விலைக்குப் போய்விடும். ஆகவே முதல் வாசலில் நுழைந்தவன் இரண்டாம் வாசலுக்கு ஏறிச்செல்லப் படி இருக்கவேண்டும். அவன் பணியாற்றிய ஆண்டுகள் படிப்பில் கணக்காகவேண்டும்.

படி கட்டுவது இருக்கட்டும், இருப்பதையே இடிக்கிறார்கள் என்பது அண்மைச் செய்தி. 2025 பிப்ரவரியில் அந்த முன்னாள் வீரர் துறை ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியரை நீக்கியதாக அறிவித்தது. இரு வாரம் கழியுமுன் இன்னும் 1,400 பேர். ஜூலையில் வந்த அறிவிப்பு, செப்டம்பருக்குள் ஏறக்குறைய 30,000 பேர் குறைவார்கள் என்றது. ஓய்வு, விலகல், காலியிடத்தை நிரப்பாமை என்ற வழிகளில். சிகிச்சைக்குக் குறைவு வராது என்றும் உறுதி சொன்னார்கள். ஆள் குறையும், வேலை குறையாது, சேவையும் குறையாது! எந்த ஆலை முதலாளி இந்தப் பாட்டைப் பாடாமல் இருந்திருக்கிறார்?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று முணுமுணுக்கும் நண்பருக்கு ஒன்று சொல்வோம். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போய்ப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு மக்களை அனுப்பி, ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த ஊர். நம் ஜவான்கள் பலர் நாற்பது வயதுக்கு முன்னும் பின்னுமாக ஓய்வு பெற்றுத் திரும்புகிறார்கள். திரும்பியவருக்கு என்ன வேலை? வங்கி வாசலிலே துப்பாக்கியோடு நாற்காலி! பணம் எடுக்கும் பெட்டிக்குக் காவல்! பனிமலையிலே நின்றவனுக்கு நாம் கண்டுபிடித்துத் தந்த பதவி இதுதான். 2022-இல் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தின்படி, நான்கே ஆண்டில் நூற்றுக்கு 75 பேர் வெளியே வரவேண்டும். பெரும்பாலும் இருபதுகளிலேயே இருக்கும் வாலிபர்கள்.

மனத்தின் நிலை? 2022-இல் பார்லிமெண்டில் மந்திரி தந்த கணக்கு, முந்தைய ஐந்தாண்டில் முப்படைகளிலும் தற்கொலை செய்துகொண்டோர் 819 பேர். பணியில் இருந்தவர் கணக்கு மட்டுமே அது. 2023 டிசம்பரில் புனே நகரத்தில் படையினருக்கென்று தொலைபேசி ஆலோசனைப் பிரிவு ஒன்று திறந்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். அந்தத் தொலைபேசியின் மறுமுனையிலே, சியாச்சின் குளிர் எப்படி என்று தெரிந்த ஒரு பழைய ஹவில்தார் உட்காரட்டுமே என்கிறோம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறிப் பதினைந்து ஆண்டு படையில் பணியாற்றியவரை, பட்டம் கேட்கும் கடைநிலை எழுத்தர் வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாகக் கொள்ளலாம் என்று மத்திய சர்க்காரின் ஆணையே இருக்கிறது. கோப்பு எழுதப் பட்டதாரிக்குச் சமம் என்றால், ஆற்றுப்படுத்தல் பயிற்சியில் சேரவும் சமம் என்று அந்த ஆணையில் ஒரு வரி சேர்க்கட்டும். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைக்கென்றே முதுகலைப் படிப்பு நடக்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஆளும் இருக்கிறார், உங்கள் தெருவிலேயே, மாலையில் டீக்கடை பெஞ்சிலே, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அவரிடம் இந்தத் தாளைக் கொடுத்து, படிக்க விருப்பம் உண்டா அண்ணே என்று கேளுங்கள். உண்டு என்பவர்களின் மனுக்களை மாவட்ட வாரியாகத் திரட்டி அனுப்புங்கள். கட்டுக் கட்டாகச் சென்னைக்கும் டெல்லிக்கும் போகட்டும்.